எம்.பி.ஏ. சேரும் முன்

திருமேனிக்கு அன்று காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். அன்றைக்கே மில் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்ல வேண்டும். நிதி மேலாண்மையில் எம்.பி.ஏ., இரண்டு வருஷம். வயசு நாற்பத்தொன்று. வீட்டில் மனைவி சுலோசனா ஒன்றும் மறுக்கவில்லை. "உங்க மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றாள், அவ்வளவுதான்.

மேடம் என்றால் பொற்கொடி. கோயம்புத்தூரில் ஊரார் பணத்தைப் பங்குகளில் போட்டுப் பார்த்துக்கொள்கிறவள். திருமேனியைவிட ஆறு வயது சின்னவள். ஆனாலும் அவள் நடத்தும் வகுப்பில்தான் ஒரு வருஷமாகத் தொழில் கற்றுக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனதும் கேட்டான்.

"திங்கட்கிழமை எம்.பி.ஏ.வுக்குப் பணம் கட்டறனுங்க. படிச்சா இந்தத் தொழிலுக்கு வந்துரலாமுங்களா மேடம்?"

அவள் இரண்டு துண்டுக் காகிதம் கிழித்தாள். ஒன்றில் 'படிப்பு உண்டு, பட்டம் கிடையாது' என்று எழுதினாள். மற்றதில் 'பட்டம் உண்டு, படிப்பு கிடையாது' என்று எழுதினாள்.

"ஒண்ணை எடுங்க சார்."

யோசிக்கும் முன்பே கை பட்டத்துக்குப் போய்விட்டது. திருமேனிக்குக் காது சிவந்தது.

"கூச்சப்படாதீங்க. எதுக்கு அது?"

"மில்லுக்காரனை யாரு மேடம் உள்ளே விடுவாங்க? அது கையில இருந்தா கேட் பாஸ் மாதிரி."

"எந்த கேட்டுக்கு?"

"முதலீட்டுக் கம்பெனி ஏதாச்சும்..."

"அந்த பாஸ் செல்லும்னு யாரு சொன்னது?"

"காலேஜ்ல கேட்டனுங்க. கண்டிப்பா வேலை கிடைக்கும்னாங்க."

"போன வாரம் டிவியில ஒரு பம்ப் கம்பெனி முதலாளி, எங்க பங்கு விலை ரெண்டு மடங்காகும்னு சொன்னாரே. நீங்க என்ன பண்ணினீங்க?"

"சிரிச்சனுங்க. விக்கிறவர் வேற என்னத்தச் சொல்லுவாரு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மேடம் சிரிக்கவில்லை. தன் கைபேசியில் ஒரு எண்ணை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இவர்தான் ஒரு கம்பெனியில ஆள் எடுக்கிறவர். எனக்குத் தெரிஞ்சவர். உங்க வயசு, மில் வேலை, எல்லாத்தையும் சொல்லிக் கேளுங்க. எம்.பி.ஏ. இருந்தாத்தான் எடுப்போம்னு சொன்னார்னா, திங்கட்கிழமை நானே கூட வந்து உங்களைச் சேர்த்துவிடறேன். மிட்டாய் டப்பாவோட!"

திருமேனி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கைபேசியையும் தொடவில்லை.

"என்ன சார்?"

"படிச்சாலும் படிக்காட்டியும் வேண்டாம்னு அவர் சொல்லிட்டார்னா?"

அவள் குரல் தணிந்தது.

"இப்பவே சொல்லட்டும் சார். இப்ப உங்களுக்கு மில் இருக்கு."