ஆறாவது ஸ்டட்

சங்ககிரி லாரிப் பட்டறைகளில் பிலோமினாவைத் தெரியாதவர்கள் இல்லை. எஞ்சினுக்குள் முறிந்து மாட்டிக்கொண்ட ஸ்டட்டுகளை, அதாவது தலையில்லாத மரையாணிகளை, எடுப்பதே அவர் தொழில். வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் கற்க வந்த மாதையனுக்கு நாற்பத்தெட்டு. இருபது வருடம் லாரி ஓட்டியவர். விபத்தில் முழங்கால் போன பிறகு வந்து சேர்ந்தார்.

அன்று காலை ஒரு பழைய லாரி வந்தது. புகை வெளியேறும் மேனிஃபோல்டை எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருந்த ஸ்டட்டுகளில் ஆறு துருவேறி முறிந்திருந்தன. வண்டிக்கு உரிமையாளரும் டிரைவரும் செங்கோடன் ஒருவரே.

"சிலிண்டர் ஹெட்டுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுங்க. ஹெட்டு போச்சுன்னா வண்டியே போச்சு."

பிலோமினா ஐந்தை எடுத்தார். ஆறாவதைத் தட்டிப் பார்த்தார்.

"இது பிடிவாதமா இருக்கு. வெல்டிங் ராடு வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் இதைத் தொடாதீங்கண்ணா."

மாதையன் தொட்டார். நடுவில் துளை போட்டு, முறிந்த ஆணியைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைச் செருகி இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. இன்னும் அழுத்தினார். 'டக்' என்றது. எக்ஸ்ட்ராக்டரின் முனை உள்ளேயே முறிந்துவிட்டது. எந்த டிரில்லும் ஏறாத கெட்டி எஃகு அது.

செங்கோடன் டயரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மாதையன் விரலில் கிரீஸை எடுத்துத் துளையை மூடினார்.

பிலோமினா திரும்பி வந்தார். ஸ்டட்டைப் பார்த்தார். மாதையனின் விரலைப் பார்த்தார். டிரில்லை எடுத்தார்.

"விளக்கைப் பிடிங்கண்ணா."

அவர் பிடித்தார். பிலோமினாவின் முகம் ஸ்டட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த எஃகில் பட்டால் டிரில்லின் முனை உடைந்து முகத்தில் தெறிக்கும். மாதையனுக்கு அது தெரியும்.

"விளக்கு ஆடுதுங்கண்ணா."

"கை வலிக்குதுங்க மேஸ்திரி."

டிரில் சுழன்றது. முனை துளையை நெருங்கியது.

"நிறுத்துங்க."

டிரில் நின்றது.

"உள்ள எக்ஸ்ட்ராக்டர் முறிஞ்சு கிடக்குங்க. நான்தான் முறிச்சேன்."

செங்கோடன் எழுந்து நின்றார்.

பிலோமினா கிரீஸைத் துடைத்தார். முறிந்த இடத்தின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து எண்ணெய் விட்டார். ஸ்பேனரால் மயிரிழை அளவு இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். அரை மணி நேரம் அப்படியே போனது. பிறகு ஸ்டட் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. செங்கோடன் துளைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். மரை கெடவில்லை. திரும்ப டயரோரம் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மாதையன் மெதுவாகக் கேட்டார்.

"மேஸ்திரி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்ததும் தெரிஞ்சுது. பழைய துருவுல புது கிரீஸ்."

"அப்புறம் எதுக்கு டிரில்லை எடுத்தீங்க?"

பிலோமினா ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.

"மாட்டியிருந்தது ரெண்டு இடத்துலங்கண்ணா. எஞ்சின்ல இருந்ததைத்தான் என்னால எடுக்க முடியும்."