மடுவில் மிதந்த ஏழு கட்டைகள்

ஒரு காட்டில் ஒரு மடு இருந்தது. தவளைகூடக் கத்தாத மடு அது. காற்று வீசினாலும் அதன் தண்ணீர் சிலிர்க்காது. பனிக்காலத்தில் விடியும் நேரம் அதன்மேல் வெள்ளையாகப் பனி எழும்பும். எதிர்க்கரை என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

அங்கே ஒரு புள்ளிமான் கூட்டம் தண்ணீர் குடிக்க வரும். வந்ததும் இறங்கிவிடாது. மேட்டில் நின்றுகொண்டு, "கரிச்சானே, பார்த்துச் சொல்!" என்று கேட்கும்.

கரிச்சான் குருவியை உங்களுக்குத் தெரியும். கன்னங்கரிய உடம்பு, பிளந்த வால், யாரையும் சட்டை செய்யாத குணம். காட்டிலேயே கூர்மையான கண் தனக்குத்தான் என்று அதற்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் பொய்யும் இல்லை.

மடுவின்மேல் நீண்டிருந்த மருதமரக் கிளையில் உட்கார்ந்து அது வெகுநேரம் பார்க்கும். "கட்டை" என்று சொன்னால் மான்கள் இறங்கும். "முதலை" என்று சொன்னால் திரும்பிப் போய், இரண்டு குன்று தாண்டி, ஓடையில் குடிக்கும்.

மான்கள் இறங்கும் வழியெல்லாம் உயரமான கோரைப்புல். குளம்பு பட்டதும் தத்துக்கிளிகள் குபீரென்று கிளம்பும். கரிச்சானுக்கு அதுதான் காலைச் சாப்பாடு. "முதலை" என்று சொன்ன நாளில் புல் அசையாது, பட்டினிதான். இப்படி ஓர் ஏற்பாட்டை யாரும் செய்யவில்லை. அது தானாக அமைந்தது.

அந்த ஆண்டு காட்டில் பூச்சி குறைந்துபோனது. ஒருநாள் காலை, பனிக்குள் கறுப்பாக ஏதோ ஒன்று மிதந்தது. கரிச்சான் பார்த்தது. வயிறு கூப்பிட்டது. இன்னொரு முறை பார்த்தது. பட்டை தெரிந்தது, பாசி தெரிந்தது.

"கட்டை!" என்றது.

மான்கள் குடித்தன. ஒன்றும் நடக்கவில்லை. கரிச்சான் பதினொரு தத்துக்கிளி தின்றது.

மறுநாள் இரண்டு மிதந்தன. "கட்டை!" ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூன்று, நான்கு. போகப் போக, கிளையில் கால் பதிக்கும் முன்பே கரிச்சான் "கட்டை!" என்று கூவியது. அது பொய் சொன்னது என்று நினைக்காதீர்கள், குழந்தைகளே. அதன் கண்ணுக்குக் கட்டையாகத்தான் தெரிந்தது. எனக்கு இதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பதினோராம் நாள், வரிசையில் கடைசியாக நின்ற இளம் ஆண்மான் ஒன்றைக் காணவில்லை. சத்தம் இல்லை. தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை. வழி தவறியிருக்கும் என்றன மற்ற மான்கள். அடுத்த நாள் இன்னொன்றைக் காணவில்லை.

செவலை என்ற பெண்மான் மட்டும் உறங்கவில்லை. அதற்குப் பிறந்து சில வாரமே ஆன குட்டி ஒன்று இருந்தது. மறுநாள்தான் அது முதல்முறையாக மடுவில் வாய் வைக்கப்போகிறது.

செவலை கரிச்சானிடம் போனது. "தம்பி, கட்டை எத்தனை மிதக்கிறது?"

"ஏழு, அக்கா."

"போன வாரம்?"

"நான்கு."

"கட்டை குட்டி போடுமா, தம்பி?"

"வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கும்."

"மழை பெய்து மூன்று மாதம் ஆகிறதே?"

கரிச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கண்ணையா சந்தேகப்படுகிறாய்?"

செவலை கூட்டத்தை நோக்கித் திரும்பி நடந்தது.

விடிந்தது. செவலை கூட்டத்தை மடுவுக்கு அழைத்துப் போகவில்லை. மேட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் எல்லா மான்களையும் ஓடவிட்டு மிதிக்கச் சொன்னது. தத்துக்கிளிகள் பறந்தன. "முதலில் சாப்பிடு, தம்பி," என்றது. கரிச்சான் இனி ஒன்றுகூட இறங்காது என்னும் அளவுக்குத் தின்றது.

"இப்போது போய்ப் பார். நீ எதைச் சொன்னாலும் இன்று உனக்கு இதற்குமேல் சாப்பாடு கிடையாது."

கரிச்சான் கிளையில் போய் உட்கார்ந்தது. அதே பனி. அதே ஏழு கறுப்பு உருவங்கள். அது பார்த்தது. பாசி என்று நினைத்தது செதிலாக இருந்தது. பட்டை மெதுவாக ஏறி இறங்கி மூச்சு விட்டது. ஏழு கட்டைகளிலும் கண்கள் இருந்தன. பதினான்கு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த இடத்தில் செவலையின் குட்டி நின்றது. தாகம் தாங்காமல் புல்லுக்குள் நுழைந்து, யாருக்கும் தெரியாமல் கரைக்கு வந்துவிட்டது.

"முதலை! முதலை! ஓடு!" என்று கரிச்சான் தொண்டை கிழியக் கத்தியது.

குட்டி துள்ளியது. அதன் வாய் இருந்த இடத்தில் இரண்டு தாடைகள் சடாரென்று மூடின. குட்டி தப்பித் தாயிடம் ஓடியது.

மூத்த முதலை கோபப்படவில்லை. தலையை மட்டும் தூக்கியது. "இன்றைக்குத்தான் தெரிந்ததா, கரிச்சானே? முதல் நாள் நீ கட்டை என்று சொன்னது என்னைத்தான். நான் ஒளியவில்லை. சேறுகூடப் பூசவில்லை. கண்ணைத் திறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நீ சாப்பிட்டுப் பழகட்டும் என்று."

"அந்த இரண்டு மான்களும்..." என்று கரிச்சான் தேம்பியது. அன்று முழுவதும் அது அழுதது. ஒன்றும் தின்னவில்லை.

மறுநாள் விடியலில் மான்கள் வழக்கம்போல மேட்டில் வந்து நின்றன. முந்தின நாள் மிதித்த புல்வெளியில் தத்துக்கிளி ஒன்றும் மிச்சமில்லை. "பார்த்துச் சொல், தம்பி!" என்றது செவலை.

கரிச்சான் வெறும் வயிற்றோடு கிளையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தது. ஏழும் முதலை என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பனிக்குள் ஏழு கட்டைகள்தான் மிதந்தன. பட்டை தெரிந்தது, பாசி தெரிந்தது.



"அக்கா, எனக்குப் பசிக்கிறது!" என்று அது அலறியது. "இன்று என் பேச்சைக் கேட்காதே! கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போ!"

நீதி: நமக்கு ஆதாயம் காத்திருக்கும் இடத்தில், நம் கண்ணையும் உடனே நம்பிவிடக் கூடாது.