தூளாக அரைத்த சோகை

தவமணி அம்மையின் மடத்தில் விறகு எரிப்பதில்லை. கரும்பு வெட்ட வருகிறவர்களுக்கு மதியக் கஞ்சி அங்கேதான். வயலில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த கரும்பு இலையை, அதாவது சோகையை, அவர்களே கட்டிக்கொண்டு வந்து போடுவார்கள். அது தொட்டியில் ஊறிப் புளித்து வாயுவாகும். அந்த வாயுவில் அடுப்பு எரியும்.

தொட்டிக்குப் பொறுப்பு கோவர்த்தனம். சர்க்கரை ஆலை மெஷின்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டி, ஓய்வு பெற்ற பிறகு, தன் மகள் வயதுள்ள அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தவர். எல்லாவற்றையும் துறந்தவர், மெஷின் ஆசையைத் துறக்க மட்டும் மறந்துவிட்டார், பாவம்.

சோகையை முழுசாகப் போட்டால் தொட்டி மெத்தனம் காட்டியது. விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டார். வாயு பெருகியது. மனுஷன் அதோடு சும்மா இருந்தாரா? அரைவை மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாவாக அரைத்தார். அந்த மாவையும் திரும்பத் திரும்ப அரைத்து மஞ்சள்தூள் மாதிரி ஆக்கினார். வாயு சேரச் சேர மேலெழும்பும்படி தொட்டிமேல் கவிழ்த்திருந்த டிரம், ஒவ்வொரு காலையும் முன்னைவிட உயர்ந்து நின்றது. காலையிலிருந்து உலை வைக்கும் நேரம்வரை மெஷினும் அதே வாயுவில்தான் ஓடியது. அது குடிப்பது ஒரு மிடறுதானே என்று விட்டுவிட்டார்.

காலையில் டிரம் உயர்ந்தது, மதியம் அடுப்பு மங்கியது. இதுதான் அவருக்கு விளங்கவே இல்லை.

குழாய் நெடுக சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. அடுப்பைக் கழற்றிக் கழுவினார். சமைக்கிற அஞ்சலைமேல்கூடச் சந்தேகப்பட்டு, அந்தப் புண்ணியவதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்று மதியம் கஞ்சி வேகவில்லை. வெட்டுக்காரர்களில் பாதிப் பேர் அரைவேக்காட்டைக் குடித்துவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் குடிக்காமலே போனார்கள்.

"நாளைக்கும் இப்படின்னா நான் உலை வைக்க மாட்டேன்" என்றாள் அஞ்சலை. "அவங்க வெறும் வயித்தோட அரிவாளைத் தூக்கிட்டுப் போறத என்னால பார்க்க முடியல."

கோவர்த்தனம் நேரே அம்மையிடம் போனார்.

"அம்மா, டிரம் நிறையுது, அடுப்பு எரியல. ஒண்ணுமே புரியல. இன்னும் நைசா அரைக்கணுமா?"

அம்மை ஒரு கரும்புத் துண்டைச் சீவி நீட்டினார்.

"மெல்லுங்கய்யா."

மென்றார். சாறு இறங்கியது. சக்கையைத் துப்பப் போனார்.

"துப்பாதீங்க. இனிப்பு மிச்சம் இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்ப மெல்லுங்க."

எதற்கு என்று தெரியாமலே மென்றார். தாடை கடுத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நாக்கில் இனிப்பு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"இன்னும் இருக்குதாய்யா?"

"துளி இருக்குதும்மா. ஆனா தாடை போச்சு."

"துப்பிடுங்க."

துப்பிவிட்டு யோசித்தார். திடீரென்று முகம் தெளிந்தது.

"புரிஞ்சுதும்மா. பல்லு மழுங்கிப்போச்சுங்கிறீங்க. மெஷினுக்குப் புது பிளேடு போட்டுடறேன்."

அம்மைக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"போடுங்க. ஆனா அரைச்சது சரியா இருக்குன்னு எதை வச்சு முடிவு பண்றீங்க?"

"காலையில டிரம்மைப் பார்ப்பேன். நேத்தைவிட ஏறியிருந்தா சரிதான்."

"மெஷின் எங்க நிக்குது?"

"தொட்டிப் பக்கத்துலதான்."

"நாளைக்கு அதைச் சமையல்கட்டு வாசலுக்கு நகர்த்திடுங்க."

கோவர்த்தனம் தலையைச் சொறிந்தார். கரும்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், மெஷினுக்கும் வாசலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அங்க எதுக்கும்மா? அங்கேயிருந்து பார்த்தா டிரம் தெரியாதே."

"தெரியாதுதான்" என்றார் அம்மை. "கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோட நிக்கிறவங்க முகம் தெரியும்."