ஒரு முறம் தவிடு

நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய காலத்தில் நாவல்நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. இன்று அரண்மனைக் காக்கைகளை நாடு கடத்துவான், நாளை அவற்றுக்கு விருந்து வைப்பான். இந்த இரண்டு புத்திக்கும் நடுவில் நாட்டைக் கவிழாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர் மந்திரி குப்பாண்டியார். ஐம்பதைத் தாண்டியவர். எதைச் செய்தாலும், செய்தது சரிதானா என்று தனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருப்பார்.

சபையில் கடம்பராயர் என்ற பிரபுவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மந்திரியைக் கூப்பிடும்போது 'குப்பை' என்பதோடு சற்று நின்று, மூக்கைச் சுளித்து, பிறகுதான் 'ஆண்டியாரே' என்று முடிப்பார். மந்திரி அதைக் கேட்டும் கேளாதவர்போல இருந்துவிடுவார். ஆனால் வீட்டுக்குப் போய், பெற்றவளுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் ராஜா மாறுவேடம் போட்டுக் கடம்பராயரோடு ஊர் சுற்றப் போனான். உப்புக்காரத் தெருவில், ஒரு வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"குப்பையில போட்டப்ப வீல்வீல்னு அழுதான். ஒரு முறம் தவிட்டுக்கு வித்துட்டேன். அதுக்கப்புறந்தான் நிம்மதியாத் தூங்கறேன்."

எட்டிப் பார்த்தால் அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. "ஒன்றை விற்றுவிட்டாள், அடுத்தது விலைக்கு நிற்கிறது" என்று கடம்பராயர் ராஜாவின் காதில் ஓதினார்.

ராஜாவுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் விடுகதை என்றால் அவனுக்கு உயிர். அவள் வாசலில் காவல் போட்டுவிட்டு, மறுநாள் சபையைக் கூட்டி, கேட்டதைச் சொன்னான். அந்தப் பேச்சுக்கு நல்ல அர்த்தம் ஒன்று இருந்தால், பொழுது சாய்வதற்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குழந்தையைப் பிரித்து அரண்மனைக்குக் கொண்டுவந்துவிட்டு, அவளை எல்லைக்கு அப்பால் துரத்துவது என்று உத்தரவு. அவளிடம் போய் யாரும் கேட்கவும் கூடாது. கேட்டுச் சொல்வதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?

மந்திரிக்கு அர்த்தம் உடனே புரிந்துவிட்டது. அவர் விரல் தானாக வலது மூக்கைத் தொட்டது. அங்கே ஒரு சின்னத் தழும்பு. ஆனால் வாயைத் திறக்கவில்லை. 'நான் சொன்னால், தன் இனத்துக்குப் பரிந்து பேசுகிறான் என்பார் கடம்பராயர். ராஜாவும் அந்த நேரத்துப் புத்திக்குத் தலையாட்டிவிடுவான். இதற்கு வேறொரு சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியைத் தொட்டால் என் தலை போகலாம். தொடாமலிருந்தால் ஒரு தாயிடமிருந்து பிள்ளை போகும்.' வெகுநேரம் இப்படி வழக்காடிவிட்டு எழுந்தார்.

"பிரபுவே, விற்றவளுக்குத் தண்டனை சொல்லியாயிற்று. விற்கப்பட்ட பிள்ளை நாளைக்கு வளர்ந்து இந்த மண்டபத்துக்கு வந்தால் உட்கார வைக்கலாமா?"

கடம்பராயருக்கு வாயெல்லாம் பல். மந்திரியின் பெயரும் மூக்கும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "குப்பையில் கிடந்து தவிட்டுக்கு விலைபோனவன் இந்த மண்டபத்தில் ஒரு கணமும் உட்காரக் கூடாது. என்னைக் கேட்டால் இப்போதே எழுந்து போவதுதான் மரியாதை."

மந்திரி மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, போகிறேன். ஆனால் ராஜாவுக்கு முன்னால் மந்திரி நடப்பது மரியாதையில்லை. மகாராஜா முன்னே நடக்கட்டும், நான் பின்னே வருகிறேன்."

ராஜாவின் முகம் சிவந்தது. "என்ன சொல்கிறீர்?"

"தங்கள் வலது மூக்கில் இருப்பதை ராஜமச்சம் என்று புலவர்கள் பாடுகிறார்கள். எனக்கும் அதே இடத்தில் அதே மச்சம். தங்கள் தாயார் பெரிய ராணியம்மாளைக் கேட்டு வரச் சொல்லுங்கள்."

அந்தப்புரத்துக்குப் போன தாதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மகிழ்மாறனுக்கு முன் பிறந்த இருவரும் தொட்டிலிலேயே போய்விட்டார்களாம். இவன் பிறந்ததும், பெரிய ராணி இவனைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, மூக்குக் குத்தி, நெல் குத்துகிறவளுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றிருக்கிறாள். அவளும் வாங்கிக்கொண்டு, "என் பிள்ளையை நீங்களே வளர்த்துக் கொடுங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

"பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் செய்கிற வழக்கம் இது" என்றார் மந்திரி. "இது குப்பை, ஒன்றுக்கும் உதவாது, பெற்றவளுக்கே சொந்தமில்லை என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம். உப்புக்காரத் தெருவில் அவள் விற்றது இடுப்பில் இருக்கிற அதே பிள்ளையைத்தான். அவன் பிழைத்துவிட்டான். அதனால்தான் தூங்குகிறாள்."

ராஜா நெடுநேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு காவலை எடுக்கச் சொல்லி, அந்தப் பிள்ளைக்குத் தங்கக் காப்பு அனுப்பப்போவதாகச் சொன்னான்.

"வேண்டாம், மகாராஜா. தங்கத்தைப் போட்டால் எமனுக்கு விலை தெரிந்துவிடும்."

ராஜா சிரித்துவிட்டான். "அப்படியானால் ஒரு மூட்டை தவிடு போகட்டும். அதைத் தின்ன ஒரு கறவைப் பசுவும் போகட்டும். பசுவை இடையன் ஓட்டட்டும். தவிட்டைக் கடம்பராயர் தலையில் சுமந்து போகட்டும்."

அந்தி மங்குவதற்குள் கடம்பராயர் திரும்பி வந்தார். தலைப்பாகையெல்லாம் தவிடு. அவள் என்ன சொன்னாள் என்று ராஜா கேட்டான். பிரபு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "யார் அனுப்பியது என்று கேட்டாள். உன் பிள்ளையைப் போலத் தவிட்டுக்கு விலைபோன ஒருவர் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு, 'அவரு நல்லா இருக்கணும். அவரைப் பெத்தவ செஞ்சது வீண்போகலை' என்றாள்."

ராஜா எழுந்து அம்மாவைப் பார்க்கப் போனான். மந்திரிக்குப் போய்ப் பார்க்க அம்மா இல்லை, இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் மண்டபத்துப் படியில் நின்று, தன் பெயரை ஒருமுறை மெல்ல, முழுசாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கூப்பிட்டது போலவே இருந்தது.