முதல் குவளை

நீங்களும் பிறக்காத, நானும் பிறக்காத காலத்தில் செந்தேரி என்றொரு மணல் நாடு இருந்தது. அங்கே மாடத்தியும் அவள் மகள் இசக்கியும் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தார்கள். முதல் குவளை பறவைகளுக்கு, அப்புறம்தான் மனிதர்களுக்கு. ராஜாவே வந்தாலும் அந்த வழக்கம் மாறாது.

ஒரு கோடைக் காலையில் வறட்டுமாயன் என்ற மந்திரவாதி தாகத்தோடு வந்தான்.

"இருங்க சாமி, குருவி குடிச்சிரட்டும்" என்றாள் இசக்கி.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோலைச் சுழற்றினான், இசக்கி கௌதாரியாகிவிட்டாள். அதே அச்சில் இன்னும் இரண்டு கௌதாரிகளைப் பிடித்து, மூன்றையும் ஒரே கூண்டில் அடைத்தான்.

"மூணு நாள் சொட்டுத் தண்ணி கிடையாது. மூணாம் நாள் உன் மக எதுன்னு சொல்லு. தப்பாச் சொன்னா காலத்துக்கும் அவ பறவைதான்."

இந்த வெயிலில் பிள்ளை செத்துப்போவாளே என்று மாடத்தி பதறினாள். கூண்டை விட்டு அவள் அகலவே இல்லை.

முதல் நாள் மூன்றும் அலகைத் திறந்து, தொண்டை படபடக்க மூச்சுவிட்டன. பறவைக்கு வேர்க்காது அல்லவா, உடம்புச் சூட்டை இப்படித்தான் ஆற்றிக்கொள்ளும். இரண்டாம் நாள் மூன்றும் எச்சமிட்டன. நீராகப் போகவில்லை, சுண்ணாம்புபோல வெள்ளையாகக் கெட்டியாக விழுந்தது. உள்ளே இருந்த கொஞ்ச ஈரத்தையும் உடம்பு விடாமல் பிடித்து வைத்திருந்தது.

"பறவையா இருக்கதாலதான் பிழைச்சுக் கிடக்கே, என் தாயே" என்று கூண்டைத் தடவினாள் மாடத்தி. ஆனால் எது மகள்? மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன.

மூன்றாம் நாள் மூன்றுக்கும் கண் சொருகியது. மாயன் வந்து நின்றான்.

"சொல்லு."

"சொல்லுதேன் சாமி. கெடுதான் முடிஞ்சிட்டுல்லா? முதல்ல ஒரு குவளை தண்ணி வச்சிருதேன்."

"வை. மூணும் விழுந்தடிச்சுக் குடிக்கும். அதுல உனக்கென்ன தெரியப்போகுது?"

குவளையை உள்ளே வைத்தாள். இரண்டு கௌதாரிகள் அலகை முக்கின. மூன்றாவது தள்ளாடி ஓடிவந்து, குவளைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. குடிக்கிற இரண்டையும் பார்த்தது. பிறகு பின்வாங்கி, உடம்பு நடுங்கக் காத்திருந்தது.

மாடத்திக்கு அழுகை முட்டியது. "பறவை குடிக்கட்டும்னு நிக்கால்லா, இவதான் என் மக."

சொன்ன மறுகணம் மாயம் கலைந்தது. இசக்கி தாயின் மடியில் கிடந்தாள். இரண்டாம் குவளையை அவளுக்குப் புகட்டினாள் மாடத்தி.

மாயன் தலைகுனிந்து நின்றான். அவன் உதடு வெடித்திருந்தது. இசக்கி மெல்ல எழுந்து மூன்றாம் குவளையை நீட்டினாள்.

"குருவி குடிச்சாச்சு சாமி. இப்ப நீங்க குடிங்க."

அவன் குடித்தான். குடித்துவிட்டு, கோலைப் பந்தலுக்குக் காலாக ஊன்றிவிட்டுப் போனான். அந்த நிழலில்தான் இன்றைக்கும் முதல் குவளை வைக்கிறார்கள்.