அம்மையின் புது ஷூ

"புதுச் செருப்பு கடிச்சாத்தான் காலோட சேரும்னு எங்க பெரியப்பா சொல்வார், அம்மா. அதுக்கு மேலயும் ஒரு வரி சொல்வார். மறந்துபோச்சு" என்றார் சிவக்கொழுந்து.

"அந்த வரியிலதான் விஷயம் இருந்திருக்கும்" என்றார் வடிவம்மை.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். வடிவம்மை இருபது வயதில் அதன் தலைமைக்கு வந்தவர். சிவக்கொழுந்து அவருடைய சீடர். குருவைவிட வயதில் மூத்தவர்.

மடத்தின் தலைமையில் இருப்பவர் காலில் எதையும் அணிவதில்லை. மாசி பிறந்தால் மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் வெறுங்காலோடு நடந்து போவார். அந்த நடை ஒரு வருடமும் நின்றதில்லை. நிற்கவும் கூடாது என்பதில் சிவக்கொழுந்துதான் முதல் ஆள்.

இந்த வருடம் டாக்டர் மறித்துவிட்டார்.

"சர்க்கரை உடம்பு. இன்னொரு புண் வந்தா பாதத்தையே எடுக்க வேண்டிவரும். ஷூ இல்லாம வாசல் தாண்டக் கூடாது."

அம்மை மறுப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"சரி, ஷூவுக்குச் சொல்லுங்க" என்றார் அவர்.

"மடத்துக்குள்ள தோலா?" என்று முணுமுணுத்தார் சமையல்காரர்.

"என் காலும் தோல்தான், ஐயா. இத்தனை நாள் உள்ளேதானே இருக்கு?"

சிவக்கொழுந்து டவுனுக்குப் போய் அளவு கொடுத்துத் தைத்து வாங்கிவந்தார். நல்ல வேலை. மெத்தென்ற உட்புறம், உறுதியான அடி.

அழுத்தித் திணித்த பிறகுதான் கால் உள்ளே போனது.

அம்மை அதோடு முற்றத்தைச் சுற்றி நடந்தார். முகத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை.

சிவக்கொழுந்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கைகூப்பினார். "என்ன பொறுமை! இதல்லவா தவம்!"

அம்மை இன்னொரு சுற்று நடந்தார்.

சமையல்காரர் ஒரு வழி சொன்னார். பிளாஸ்டிக் பையில் கொண்டைக்கடலையும் தண்ணீரும் போட்டு, இறுக்கிக் கட்டி, ஷூவுக்குள் திணித்துவிட வேண்டும். கடலை ஊற ஊறத் தோல் விரியும்.

மறுநாள் காலை இரண்டு ஷூவும் கர்ப்பிணிபோல் வீங்கி நின்றன.

அம்மை குனிந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமைச் சுண்டலா?"

"ஐயோ, இல்லம்மா. ஷூவைப் பெரிசாக்குறேன்" என்றார் சமையல்காரர்.

"நல்லது. பிரசாதத்துல கலந்துடாதீங்க."

மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி நடந்தார். இந்த முறை தோட்டம்வரை போய்த் திரும்பினார்.

கழற்றியபோது சுண்டுவிரல் பக்கம் காலுறை சிவந்திருந்தது.

சிவக்கொழுந்து பதறிப்போனார். "இவ்வளவு வலியைத் தாங்கிக்கிட்டா நடந்தீங்க?"

"வலியா? எனக்குத் தெரியவே இல்லையே. கால் மரத்துப்போய் ரொம்ப நாளாச்சு."

கூப்பப் போன கைகள் பாதியில் நின்றன.

"நேத்து தவம்னீங்க. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது வியாதி, கொழுந்தையா."

பிறகு கேட்டார்: "அளவு எங்கே எடுத்தீங்க?"

சிவக்கொழுந்து நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காவது அவரிடம் பெருமையோடு சொல்லப் பதில் இருந்தது.

"உங்க கால்ல நாடா வைக்க எனக்கு என்ன தகுதி இருக்கு? பூசையறைப் பட்டுல எடுத்தேன்."

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைமை ஏற்கும் நாளில் பாதத்தில் சந்தனம் பூசி, வெள்ளைப் பட்டில் பதித்து எடுப்பார்கள். அந்தச் சுவடுதான் பூசைக்கு. தினமும் காலையில் அதற்குப் பூ வைப்பவர் சிவக்கொழுந்து.

அம்மை வாய்விட்டுச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இந்த ஷூ அளவா இருக்கும். ஆனா அவ எப்பவோ நடந்து போய்ட்டாளே!"

கட்டிலில் அமர்ந்து காலை நீட்டினார்.

"பாருங்க."

சிவக்கொழுந்து வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வணங்கினார்.

"கும்பிடச் சொல்லலை. பார்க்கச் சொன்னேன்."

கண்ணைத் திறந்தார்.

பாதம் அகலமாக விரிந்திருந்தது. விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்தன. கட்டைவிரலின் அடியில் எலும்பு முட்டிக்கொண்டு நின்றது. குதிகாலில் கோடைக் குளத்து மண்போல வெடிப்புகள். ஏதோ ஊரின் முள் ஒன்று கறுப்புப் புள்ளியாக உள்ளேயே தங்கிவிட்டிருந்தது. சுண்டுவிரலில் தோல் உரிந்து, பச்சைப் புண்.

மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் பாதையெல்லாம் அந்தக் காலில் இருந்தது. எந்தப் பூவையும் அதன்மேல் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் அம்மை.

"ரொம்பப் பெரிசா இருக்கும்மா."

வெந்நீர் கொண்டுவந்தார். புண்ணைத் துடைத்தார். ஈரம் ஒற்றி, மருந்து வைத்துக் கட்டினார்.

"மாசி பிறக்கப்போகுது" என்றார் அம்மை. "ஊர்க்காரங்க காத்திருப்பாங்க. என்ன செய்யலாம்? நீங்க சொல்லுங்க."

இந்த மாசியில் நடை இல்லை என்று எல்லா ஊர்களுக்கும் சொல்லியனுப்பினார் சிவக்கொழுந்து.