அன்று என்ன சாப்பிட்டோம்?

காட்டின் ஓரத்தில் ஓர் இலந்தை மரம். அதன் கவட்டில் ஒரு சிலந்திக் கூடு. கூட்டில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். தாய் இல்லை.

அன்று அவள் போய்ப் பதினாறாம் நாள். காரியம் செய்வதற்குப் பிள்ளைகள் எல்லோரும் கூடினார்கள். கூட்டின் நடுவில் தாயின் சட்டை, அதாவது அவள் மேல்தோல், தொங்கியது. எட்டுக் கால்களும் வயிறும் அப்படியே இருந்தன. உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. காற்று வந்தால் லேசாக ஆடியது. பயத்தாலும் மரியாதையாலும் இதுவரை யாரும் அதன் கிட்டே போனதில்லை.

நெட்டையன்தான் மூத்தவன். அவன் முதலில் பேசினான்.

"அம்மா நம்மளை ஒரு நாள்கூடப் பட்டினி போட்டதில்லை! விடிஞ்சதும் அவ கேக்குற முதல் கேள்வியே 'சாப்பிட்டீங்களா?'தான்!"

"கடைசியாச் சொன்னதும் அதானே அண்ணா!" என்றாள் பொடிச்சி. அவள் கடைக்குட்டி. மற்றவர்கள் ஒருமுறை சட்டை உரித்து வளர்ந்துவிட்டார்கள். அவள் இன்னும் உரிக்கவில்லை. "'சாப்பிடுங்க'ன்னு சொன்னா. அப்புறம் நான் தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பார்த்தா அவ இல்லை."

எல்லோரும் அழுதார்கள்.

கீழ்க்கிளையில் ஓர் ஓணான் படுத்திருந்தது. ரொம்ப நாளாக அந்தப் பிள்ளைகள் மேல் அதற்கு ஒரு கண். ஆனால் கூட்டின் நூல் இரண்டு முறை அதன் மூக்கில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கியிருந்தது. அவர்களாக வெளியே வந்தால்தான் உண்டு.

ஓணான் தொண்டையைச் செருமியது.

"பாவம், தாயில்லாத பிள்ளைங்க!"

"எங்க அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, மாமா?" என்று நெட்டையன் கேட்டான்.

"தெரியாம என்ன? இந்தக் கண்ணால பார்த்தேனே! அந்த மொட்டைக் கிளையில மண்கூடு கட்டியிருக்கே ஒரு குளவி, அதோட வேலைதான்! ஒரே கொட்டு! உறிஞ்சிட்டுப் பறந்துபோச்சு!"

கூடு முழுவதும் நடுங்கியது.

"குளவி இப்ப மண்ணெடுக்கப் போயிருக்கு. முப்பது பேரும் போயி அது கூட்டை இடிச்சிட்டு வாங்க. காரியம்னா அதுதான் காரியம்! நான் பின்னாலயே துணைக்கு வர்றேன்."

"நீங்க பெரியவங்க, முன்னால போங்க மாமா!" என்றான் நெட்டையன்.

"சேச்சே! பிள்ளைங்க முன்னால போகணும். அதுதான் முறை!" என்று சொல்லி ஓணான் எச்சில் விழுங்கியது.

நெட்டையன் வெளியே இறங்கினான். அவனுக்குப் பின்னால் நான்கு பேர் இறங்கினார்கள். மொட்டைக் கிளையில் மறைய ஓர் இலைகூட இல்லை.

"பொடிச்சி! வாடி!"

"இரு அண்ணா! அம்மா சட்டையையும் எடுத்துட்டு வர்றேன். அவளும் பார்க்கட்டும்!"

பொடிச்சி சட்டையின் அருகே போனாள். முதன்முறையாக அதைத் தொட்டாள்.

சிலந்தி உரித்த சட்டை தலைப்பக்கம் மூடி போலத் திறந்திருக்கும். இது திறக்கவில்லை. குளவி கொட்டிய துளையைத் தேடினாள். இருந்தது ஒரு துளை அல்ல. வயிற்றிலும் கால் மூட்டுகளிலும் நிறைய இருந்தன. எல்லாமே பொடித் துளைகள். எவ்வளவு பொடி என்று பார்க்க ஒன்றில் தன் வாயை வைத்தாள்.

சரியாகப் பொருந்தியது.

கொஞ்ச நேரம் அவளால் வாயை எடுக்க முடியவில்லை.

"அண்ணா!"

"என்னடி? சீக்கிரம் வா!"

"அன்னைக்கு நாம என்ன சாப்பிட்டோம்?"

"என்னைக்கு?"

"அம்மா 'சாப்பிடுங்க'ன்னு சொன்ன அன்னைக்கு! வலையில ஒரு ஈகூட விழலையே! நாம என்ன சாப்பிட்டோம்?"

நெட்டையன் கிளையில் அப்படியே நின்றான். அன்று வயிறு நிறைந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. எதனால் நிறைந்தது என்பது ஞாபகமில்லை. சாப்பிடும்போது ஒரு கால் தன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்ததும் ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கால் நின்றுவிட்டது.

ஓணானுக்குப் பொறுமை போயிற்று. பாய்ந்தது!

"உள்ளே! உள்ளே!" என்று கத்தினான் நெட்டையன். ஐந்து பேரும் உருண்டு புரண்டு கூட்டுக்குள் விழுந்தார்கள். தாய் பின்னிய நூல் மூன்றாம் முறையாக ஓணானின் மூக்கைப் பிடித்துக்கொண்டது. அது மரப்பட்டையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து விடுவித்துக்கொண்டது.

"மடப்பசங்களா!" என்று கூவியது. "குளவி பிடிச்சா ஆளையே தூக்கிட்டுப் போகும்! சட்டையை யாருக்கு விட்டுவைக்கும்? இந்த மரத்துல உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்! அவளைத் தின்னது நீங்கதான்!"

ஓணான் இறங்கிப் போய்விட்டது.

"எனக்குத் தெரியாது" என்றான் நெட்டையன். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அம்மா ஏன் ஓடலை?" என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

பொடிச்சி சட்டையின் கால்களைக் காட்டினாள். நெட்டையனின் முதுகைத் தடவிய ஒன்று நீட்டியபடியே இருந்தது; மற்ற ஏழும் நூலை இறுகப் பற்றியிருந்தன. பிள்ளைகள் சாப்பிடும்போது தான் அசைந்துவிடக் கூடாது என்று பிடித்த பிடி அது. இன்னும் விடவில்லை.

அப்போது வலை அதிர்ந்தது. ஒரு கொசு விழுந்திருந்தது. முப்பது வயிறுகளுக்கும் அது தெரிந்தது. ஒருவரும் நகரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

பொடிச்சி ஏதாவது சொல்ல நினைத்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே சொல்தான்.

"சாப்பிடுங்க" என்றாள்.

தாய் எங்கே போனாள் என்று ஊரெல்லாம் தேடுகிறவர்கள், முதலில் தங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.